வெற்றிடம் இல்லாத அச்சு

தெர்மாகோல் என்னும் சொல் 2017ஆம் ஆண்டுக்குப் பின் தமிழில் நகைப்புக்குரியதாகிவிட்டது. வைகை அணையின் நீர் ஆவியாகாமல் காக்கும்பொருட்டு மிதக்கவிடப்பட்ட வெள்ளை அட்டைகள் சற்று நேரத்திலேயே காற்றடித்துக் கரை ஒதுங்கிய காட்சியைத் தமிழகம் இன்னும் மறக்கவில்லை. தொலைக்காட்சிப் பெட்டியோடு வந்து, குப்பையோடு போய், கொலுப்படியில் ஒரு பொழுது கோபுரமாக நின்று மறையும் இந்தப் பொருளைக் குறித்து ஓர் இலக்கியத் தளத்தில் எழுத என்ன இருக்கிறது என்று வாசகர் புருவம் உயர்த்தக்கூடும். உருக்கிய அலுமினியத்தை இதன்மீது ஊற்றினால், இதன் வடிவத்தை அப்படியே ஏற்றுக்கொண்டு அது உறைகிறது என்பதைச் சொன்னால் அந்தப் புருவம் சற்றுக் கீழிறங்கும் என நம்புகிறோம்.

வீட்டின் புறக்கடையில் ஒரு சிறு உலையை மூட்டி, பழைய அலுமினியத்தை உருக்கி, தெர்மாகோல் மாதிரியைக் கொண்டு தமக்கு வேண்டிய உறுப்பை வார்த்துக்கொள்ளும் பழக்கம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல்லாண்டுகளாக இருந்து வருகிறது. நம் ஊர் இளைஞர் சிலரும் இதில் இறங்கியிருக்கின்றனர். இதுபற்றி நாம் கேட்கும் கருத்துகள் இரண்டே. ஒன்று, இது பைத்தியக்காரத்தனம், தொழிற்சாலையில் செய்யவேண்டியதை வீட்டில் செய்வானேன் என்பது. மற்றொன்று, இதில் ஒரு கடினமும் இல்லை, எவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்துவிடலாம் என்பது. இவ்விரண்டையும் நாம் ஏற்கவில்லை. இவற்றினும் நம்மை அதிகம் வருத்துவது மூன்றாவதொரு நிலை. தமிழ் படித்தவர்கள் இதைப்பற்றிக் கருத்தே கொள்ளாமல் இருப்பது அது.

முதலில் செய்முறையைக் கூறிவிடுவோம்.

வார்க்க வேண்டிய உறுப்பைத் தெர்மாகோலில் வெட்டிச் செதுக்குகிறார்கள். கத்தியைவிடச் சூடேற்றிய மெல்லிய நிக்ரோம் கம்பி இதற்கு ஏற்றது. வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். உலோகம் உட்புகுவதற்கான வாய்க்காலும் அதே தெர்மாகோலில் செய்து ஒட்டப்படுகிறது. பின்னர் இந்த உருவத்தின்மீது மெல்லிய பூச்சு ஒன்று தருகிறார்கள். ஆலைகளில் இதற்கெனத் தயாரித்த வெப்பந்தாங்கும் குழம்பு உண்டு. வீட்டில் செய்வோர் சுவர்ப்பூச்சுக்கான ஜிப்சம் கலவையை நீரில் கரைத்துப் பயன்படுத்துகிறார்கள். பூச்சு நன்றாக உலர்ந்ததும் ஒரு வாளியில் உருவத்தை நிறுத்தி, சுற்றிலும் உலர்ந்த மணலைச் சொரிந்து, வாளியைத் தட்டித் தட்டி மணலை இறுகச் செய்கிறார்கள். வாய்க்காலின் தலை மட்டும் மேலே தெரிகிறது. அதன்மீது ஒரு குவளை வைத்து உருகிய அலுமினியத்தை நிறுத்தாமல் ஊற்றுகிறார்கள். சிறிது புகை, சிறிது சுடர், சில நொடிகள். மணலைக் கிண்டினால் உள்ளே உலோக உறுப்பு கிடக்கிறது. தெர்மாகோல் இல்லை.

இதில் நின்று கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. அந்த மணலில் பசையில்லை, களிமண் இல்லை, ஈரமும் இல்லை. கடற்கரைச் சிறுவன் ஈரமணலில் கட்டும் வீட்டுக்குக்கூட ஓர் ஒட்டுதல் உண்டு. இதற்கு அதுவும் இல்லை. பின் ஏன் அது சரிந்துவிடவில்லை? தெர்மாகோல் இருக்கும்வரை தெர்மாகோல் மணலைத் தாங்குகிறது. அது கரைந்த இடத்துக்கு அக்கணமே உலோகம் வந்து மணலைத் தாங்குகிறது. இரண்டுக்கும் நடுவே மிக மெல்லிய வளிப்படலம் ஒன்று மட்டுமே உண்டு. அந்த வளியின் அழுத்தம் அங்கே மணலுக்கு ஓர் உதவி. ஊற்றுவதை ஒரு நொடி நிறுத்தினால் போதும், தாங்குவார் இல்லாத இடத்தில் மணல் உள்ளே விழுந்துவிடும். இதனாலேயே இவ்வார்ப்பில் ஊற்றுபவனின் கை நடுங்கக்கூடாது என்கிறார்கள்.

இம்முறைக்கு 1958இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் ஹெரால்டு ஷ்ராயர். அவர் தம் கண்டுபிடிப்புக்கு இட்ட பெயர் நம் கவனத்துக்குரியது: 'உட்குழிவற்ற வார்ப்பு அச்சு' என்பது அதன் பொருள். அச்சு என்றாலே உட்குழிவு என்றுதான் உலகம் அதுவரை நினைத்திருந்தது. குழிவே இல்லாத அச்சு என்பது முரண்தொடைபோல் ஒலிக்கிறது. ஆயினும் அதுவே உண்மை. இங்கே எந்தக் கணத்திலும் வெற்றிடம் என ஒன்று இருப்பதில்லை. 1960களில் எம்.ஐ.டி.யில் பிளெமிங்ஸ் என்பார் பிணைப்பில்லாத உலர்மணலைக் கொண்டே இதைச் செய்யலாமெனக் காட்டிய பிறகு முறை மேலும் எளிதாயிற்று. ஆல்பிரட் டூகா என்னும் சிற்பி இதைச் சிற்பக்கலைக்குள் கொண்டுவர உழைத்தவர். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1990இல் வெளிக்கொணர்ந்த சாட்டர்ன் மகிழுந்தின் எஞ்சின் உடலும் தலைப்பகுதியும் இம்முறையில் வார்க்கப்பட்டவையே. அந்த மகிழுந்தின் பெயர் 2010ஆம் ஆண்டோடு மறைந்துவிட்டது, முறை மறையவில்லை.

தமிழ் வாசகர் இந்நேரம் சுவாமிமலையை நினைத்திருப்பார். நினைக்கவே வேண்டும். தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய கலவையில் தெய்வ உருவத்தைச் செய்து, அதன்மேல் அரைத்த காவிரி வண்டலைப் பூசி, மேலும் மேலும் மண் அப்பி, கம்பி கட்டி, சூடேற்றி மெழுகை வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கும் மரபு அங்கே இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. வடநூலார் இதை மதூச்சிஷ்ட விதானம் என்பர். மாதிரியை அழித்தே உலோக உருவத்தைப் பெறுவதில் இரண்டும் ஒரே குடும்பம். எனவே தெர்மாகோல் வார்ப்பை மெழுகு வார்ப்பின் மலிவுப் பதிப்பு என்று சொல்லிவிடுவது எளிது. நம் நண்பர் ஒருவர், சிற்ப நூல்களில் தோய்ந்தவர், 'பிளாஸ்டிக் யுகத்துக்குப் பிளாஸ்டிக் மெழுகு' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். சொல்நயம் இருக்கிறது, நியாயம் இல்லை.

மெழுகு வார்ப்பில் மூன்று நிலைகள் உண்டு. மெழுகு இருக்கும் நிலை, ஒன்றுமே இல்லாத நிலை, உலோகம் இருக்கும் நிலை. அந்த நடுநிலையில் ஸ்தபதி காத்திருக்கலாம். அச்சு சூடாக இருக்கிறதா, மெழுகு முழுதும் போயிற்றா என்று பார்க்கலாம். நல்ல நேரம் வரும்வரை உலோகத்தை நிறுத்திவைக்கவும் செய்யலாம். தெர்மாகோல் வார்ப்பில் அந்த நடுநிலை கிடையாது. இருப்பது போவதும் வருவது இருப்பதும் ஒரே செயல். ஆகவே பிழை நேரும் இடமும் வேறு. மெழுகில் பிழை என்பது பெரும்பாலும் அச்சின் பிழை. தெர்மாகோலில் பிழை சந்திப்பின் பிழை: கரைந்த நுரையின் எச்சம் வெளியேற வழியில்லாமல் இரண்டு உலோக ஓட்டங்களுக்கு நடுவே சிக்கிக்கொண்டு, அவை ஒன்றோடொன்று கலவாமல் மடிப்பாக நின்றுவிடுகின்றன. மேலே பார்த்தால் துணியில் விழுந்த சுருக்கம்போல் தெரியும். தட்டினால் அந்த வரியிலேயே உடையும். பூச்சு தடித்துவிட்டால் எச்சம் வெளியேறாது. பூச்சே இல்லாவிட்டால் மணல் உலோகத்தில் ஒட்டி முரடாகும். நடுவான பூச்சு எது என்பதைக் கைதான் கற்கவேண்டும். இத்தனை தனித்தன்மை உள்ள ஒன்றை மற்றொன்றின் மலிவுப் பதிப்பு என்பது, புதுக்கவிதையை யாப்புத் தெரியாதவன் எழுதும் மரபுக்கவிதை என்று ஒரு காலத்தில் சொன்னதைப் போன்றதே.

ஒரு வேறுபாட்டில் மட்டும் மெழுகே உயர்ந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மெழுகு நகக்கீற்றையும் வாங்கிக்கொள்ளும். தெர்மாகோலோ மணிமணியாகக் கோத்த நுரை. அந்த மணிகளின் வரம்புகள் அலுமினியத்தின்மேல் அப்படியே பதிந்து வரும். கத்தி இடறிய இடமும், ஒட்டிய பசையின் மேடும், சுற்றிய நாடாவின் விளிம்பும் தப்பாமல் வரும். உலோகத்தில் பார்க்கும்போது, இதைச் செய்தவன் எந்த இடத்தில் பொறுமை இழந்தான் என்று சொல்லிவிடலாம். வீட்டு வார்ப்பாளர் பலர் இதைக் குறையென்று அரத்தால் தேய்த்து மறைக்கின்றனர். நாமாக இருந்தால் விட்டுவைப்போம்.

இனிப் பெயர். ஆங்கிலத்தில் இதை 'லாஸ்ட் ஃபோம்' என்கிறார்கள். இதைத் 'தொலைந்த நுரை வார்ப்பு' என்று தமிழாக்கியிருப்பதைக் கண்டோம். 'தொலைந்த மெழுகு' என்பதும் இவ்வாறே பாடநூல்களில் ஏறிவிட்டது. பேருந்தில் பணப்பை தொலையும். திருவிழாவில் குழந்தை தொலையும். மெழுகு ஏன் தொலையவேண்டும்? அதை ஸ்தபதி தம் கையால் சூடேற்றி வெளியேற்றுகிறார். மெழுகு வார்ப்பு என்றே அவர்கள் சொல்லிவந்திருக்க, சொல்லுக்குச் சொல் பெயர்த்து இல்லாத துயரம் ஒன்றை அதில் ஏற்றியது நம் வகுப்பறைகள்தான். 'கரு' என்ற சொல்லுக்குத் தமிழில் வார்ப்பச்சு என்ற பொருளும் உண்டு. கருப்பையின் கருவும், கதையின் கருவும், வார்ப்பின் கருவும் ஒரே சொல்லில் இருப்பது நம் மொழியின் பேறு. அதைக் கொண்டு 'எரிகரு வார்ப்பு' எனலாமா என்று சிலகாலம் எண்ணியிருந்தோம். பின்னர் கைவிட்டோம். இதைச் செய்யும் பிள்ளைகள் 'தெர்மாகோல் வார்ப்பு' என்கிறார்கள். அதுவே போதும். பண்டிதர் கொடுக்கும் பெயரைவிடப் பட்டறை கொடுக்கும் பெயர் நீண்டநாள் வாழும்.

ஆபத்தைப் பற்றிப் பேசாமல் இவ்வளவு தூரம் வந்ததே அதிகம். இதில் நாம் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. ஏனெனில் தமிழில் இது எழுதப்படவில்லை. காணொளிகளில் ஆங்கிலத்தில் இரண்டு நிமிடம் சொல்லப்படும் எச்சரிக்கையைத் தள்ளிவிட்டு, உலோகம் ஊற்றும் காட்சிக்குத் தாவிவிடும் பையன்களை நாம் அறிவோம்.

அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகுகிறது. ஊற்றுவதற்கு எழுநூறுக்குச் சற்று மேலே வேண்டும். இரும்பைப்போல் இது செக்கச்சிவந்து தன்னை அறிவித்துக்கொள்வதில்லை. பகல் வெளிச்சத்தில் உருகிய அலுமினியம் வெள்ளிக் கிண்ணத்தில் நிற்கும் நீர்போல் அமைதியாக இருக்கும். உறைந்து ஐந்து நிமிடம் ஆன துண்டும், ஐந்து மணி நேரம் ஆன துண்டும் கண்ணுக்கு ஒன்றே. கையில் எடுத்தவனுக்குத்தான் வேறுபாடு தெரியும்.

எல்லாவற்றிலும் கொடிய பகை நீர். தீயை அணைப்பது நீர் என்று பழகிய மனத்துக்கு இது புரிவது கடினம். ஒரு தேக்கரண்டி நீர் நீராவியானால் எட்டு லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். அந்த நீர் உருகிய உலோகத்துக்கு அடியில் அகப்பட்டுக்கொண்டால், தனக்கு வேண்டிய இடத்தை உலோகத்தைத் தூக்கி எறிந்து பெற்றுக்கொள்ளும். ஈரம் மூசையில் இருக்கலாம். மழையில் கிடந்த பழைய அலுமினியத் துண்டின் பொந்தில் இருக்கலாம். காயாத பூச்சில் இருக்கலாம். இடுக்கியின் நுனியில்கூட இருக்கலாம். சிமெண்டுத் தரையிலும் இருக்கிறது. காய்ந்ததாகத் தோன்றும் சிமெண்டுத் தரை தன்னுள் நீரை வைத்திருக்கிறது. அதன்மேல் உலோகம் சிந்தினால் தரை வெடித்துச் சில்லுகளாகத் தெறிக்கும். ஆகவே தரையில் உலர்மணல் பரப்பி அதன்மேல்தான் எதையும் செய்யவேண்டும். தீயணைக்க வாளியில் நீர் வைப்பது இங்கே தற்கொலைக்கு ஒப்பு. வாளியில் உலர்மணல் வைக்கவேண்டும்.

உடையும் செருப்பும் நம் ஊர்ச் சிக்கல்கள். பாலியெஸ்டர் சட்டை உருகித் தோலோடு ஒட்டும்; பருத்திதான் உடுத்தவேண்டும். ரப்பர் செருப்போடு உலையருகே நிற்பவனை அந்த இடத்திலிருந்து கையைப் பிடித்து அழைத்துப்போய்விட வேண்டும். கால்சட்டையின் கீழ்விளிம்பு தோல் காலணிக்கு வெளியே விழவேண்டுமேயன்றி உள்ளே செருகப்படக்கூடாது. சிந்திய உலோகம் காலணிக்குள் இறங்கினால் கழற்ற நேரமிராது. முகத்துக்கு முழுக் கவசம் வேண்டும். துத்தநாகம் பூசிய வாளியை உலையாக்கினால் அதன் புகை காய்ச்சலில் கிடத்தும். பழைய வண்டி உறுப்புகளில் சில மக்னீசியக் கலவை. பற்றிக்கொண்டால் எளிதில் அணையாது. பாரிஸ் சாந்தும் மணலும் கலந்து உலை கட்டும் முறை பார்வைக்கு அழகு. ஆனால் அந்தச் சாந்து நீரைத் தன்னுள் பிடித்துவைத்திருக்கும், சில உலைப்பொழுதுகளிலேயே வெடித்து உதிரத் தொடங்கும். அடுக்களையில் ஒருமுறை உலோகம் உருக்கிய பாத்திரம் மறுபடி அடுக்களைக்குள் போகக்கூடாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இவ்வளவையும் படித்துவிட்டு, ஆகவே வேண்டாம் என்பீரேல், நாம் உடன்படமாட்டோம். கிணறு வெட்டுவதும் பனையேறுவதும் ஆபத்தே. ஆபத்துள்ள வேலைகளைச் சொல்லித்தர ஒரு மொழி நமக்கு இருந்தது. தந்தை மகனுக்கும் மூத்தவர் இளையவருக்கும் வேலையிடத்திலேயே சொல்லித்தரும் மொழி. இப்போது வேலை எழுத்துக்கும் காணொளிக்கும் மாறிவிட்டது. எச்சரிக்கை மட்டும் தமிழுக்கு வந்து சேரவில்லை.

புகையைப் பற்றி ஒரு கணக்கு. ஒரு கிலோ அலுமினியம் ஏறத்தாழ 370 கன சென்டிமீட்டர் இடம் கொள்ளும். அதே அளவு தெர்மாகோலின் எடை ஏழு கிராம் அளவே இருக்கும், ஏனெனில் அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு காற்று. ஏழு கிராம் பிளாஸ்டிக்கு எரிவதைக் கண்டு ஊரே மாசடைகிறது என்று கூவுவோர் போகிப் பண்டிகையன்று எங்கே போகிறார்களோ தெரியவில்லை. ஆனால் இந்தக் கணக்கு ஊருக்கு, ஊற்றுபவனுக்கன்று. அந்த ஏழு கிராமிலிருந்து எழும் புகையில் ஸ்டைரினும் பென்சீனும் உண்டு. வாளியின்மேல் குனிந்து, எப்படி வருகிறது என்று எட்டிப்பார்ப்பவன் அதை முழுதும் தானே உறிஞ்சிக்கொள்வான். திறந்தவெளி, காற்றுக்கு எதிர்ப்புறம் முகம், உரிய வடிகட்டியுள்ள முகமூடி இவை இல்லாமல் செய்வது மடமை. கரியடுப்பை மூடிய அறையில் வைத்தால் கார்பன் மோனாக்சைடு மணமின்றிக் கொல்லும் என்பதும் இதனோடு சேர்ந்தது.

எதை உருக்குவது என்பதிலும் ஓர் அறிவு இருக்கிறது. குளிர்பானக் குவளைகளைச் சேர்த்து உருக்குவது படத்துக்கு நன்றாக இருக்கும். அவை மெல்லியவை, வெப்பத்தில் மேற்பரப்பெல்லாம் ஆக்சைடாகிப் பெரும்பங்கு கசடாகிவிடும். வீட்டு அலுமினியச் சட்டியும் வார்ப்புக்கு உகந்ததன்று; அது அடித்து வளைக்கச் செய்த உலோகம், அச்சில் சரியாக ஓடாது, உறையும்போது வெடிக்கும். பழைய பிஸ்டன், எஞ்சின் மூடி, அலாய் சக்கரம் ஆகியவை முன்பே ஒருமுறை வார்க்கப்பட்டவை. சிலிக்கான் கலந்தவையாதலால் நன்றாக ஓடி மூலைமுடுக்கெல்லாம் நிறையும். பழைய இரும்புக் கடையில் இவற்றை நிறுத்து வாங்கலாம். 1884இல் வாஷிங்டன் நினைவுத்தூணின் உச்சியில் வைத்த சிறு அலுமினியக் கூம்பு மூன்று கிலோவுக்கும் குறைவு. அன்று இவ்வுலோகம் வெள்ளிக்கு நிகரான விலை. இரண்டே ஆண்டுகளில் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் எரூவும் ஒருவரையொருவர் அறியாமல் மின்சாரத்தால் இதைப் பிரிக்கும் வழி கண்டார்கள். அதன்பின் அது நம் தெருவில் பேரீச்சம்பழத்துக்கு மாற்றும் பொருளாயிற்று. தாதுவிலிருந்து எடுக்கச் செலவாகும் ஆற்றலில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கே பழையதை மீண்டும் உருக்கப் போதும் என்பதால், பேரீச்சம்பழக்காரரே இவ்வுலோகத்தின் உண்மையான பாதுகாவலர்.

இப்போது முதற்கேள்விக்கு வருவோம். கடையில் வாங்கக்கூடியதை, ஆலையில் கொடுத்து வார்க்கக்கூடியதை, வீட்டில் ஏன் செய்யவேண்டும்? சிக்கனம் என்றொரு விடை சொல்லப்படுகிறது. அது உண்மையன்று. கரியும் கவசமும் மூசையும் வீணான வார்ப்புகளும் சேர்த்துப் பார்த்தால், அந்தக் கைப்பிடியைக் கடையில் வாங்கியிருக்கலாம்.

அமெரிக்காவில் டேவிட் ஜிஞ்சரி என்பவர் 1980களில் ஏழு நூல்களின் வரிசை ஒன்றை எழுதினார். முதல் நூல் கரியுலை கட்டுவது பற்றியது. அந்த உலையில் பழைய அலுமினியத்தை உருக்கி அடுத்த நூலில் ஒரு கடைசல் இயந்திரத்தை உண்டாக்குகிறார். அந்த இயந்திரத்தைக் கொண்டு அடுத்த இயந்திரம். இப்படியே ஒரு பட்டறை முழுவதையும் கழிவிலிருந்து எழுப்பிவிடுகிறார். அவர் பெரிதும் கையாண்டது மரமாதிரியும் ஈரமணலுமே. தெர்மாகோல் பின்வந்தவர்களின் விருப்பம். 2004இல் அவர் மறைந்தார். அந்நூல்கள் இன்றும் விற்கின்றன. அவற்றைப் படித்தவர் அனைவரும் கடைசல் இயந்திரம் செய்தார்கள் என்று நாம் கருதவில்லை. ஆனால் ஒரு பொருளின் முழுவரலாறும் ஒரு மனிதனின் கைக்குள் அடங்கும் என்பதை அவை எழுத்தில் நிறுவின. ஆலையில் மாதிரி செய்பவர் வேறு, அச்செடுப்பவர் வேறு, உருக்குபவர் வேறு, பிசிறு தேய்ப்பவர் வேறு. ஒருவர் பிழையை மற்றவர் சுமப்பார். சிலவேளை எவர் பிழை என்றே தெரியாது. வீட்டு வார்ப்பில் எல்லாம் ஒருவரே. மடிப்பு விழுந்தால் அதன் காரணம் அவருடைய நேற்றைய பூச்சிலோ இன்றைய ஊற்றலிலோதான் இருக்கும். வேறு எவரையும் நோவதற்கில்லை. இப்படி ஒரு கல்வியை நம் கல்லூரிகள் எந்தத் துறையிலும் தருவதாக நமக்குத் தெரியவில்லை.

இதை எழுதத் தூண்டியவர் நம்மிடம் முதுகலைத் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர். கொங்கு நாட்டார். தந்தை பவுண்டரியில் முப்பதாண்டுகளாக அச்செடுப்பவர். மாணவர் கோடை விடுமுறையில் வீட்டுக்குப் பின்னால் தெர்மாகோலில் மாவரைக்கும் இயந்திரத்துக்கு ஒரு கைப்பிடி செதுக்கி அலுமினியத்தில் வார்த்துக் கொண்டுவந்து காட்டினார். கையில் வாங்கிப் பார்த்தோம். நுரைமணிகளின் தடம் கைப்பிடி முழுவதும் இருந்தது. பிடிக்க வழுக்காமல் நன்றாகவே இருந்தது. அளவு எப்படித் தப்பாமல் வந்தது என்று கேட்டதற்கு, "பத்து அங்குலத்துக்கு ஒரு நூல் கூட்டிக்கோன்னு அப்பா சொன்னாருங்க ஐயா" என்றார். அலுமினியம் ஆறும்போது நூற்றுக்கு ஒன்றேகால் அளவு சுருங்கும். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. பத்து அங்குலத்துக்கு ஒரு நூல் என்றால் நூற்றுக்கு ஒன்றேகால். பாடநூல் தசமத்தில் தருவதை அந்தப் பெரியவர் ஒரு தச்சுச் சொல்லில் வைத்திருக்கிறார்.

அவரிடம் இத்தகைய சொற்கள் ஏராளம் என்பது பின்னர் தெரிந்தது. மாணவர் அவற்றை ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தார். மணலின் பதத்துக்குச் சொற்கள். உலோகம் ஊற்றத் தக்க நிலையை அடைந்ததற்குச் சொற்கள். பிழைகளுக்கு மட்டுமே இரண்டு பக்கம். பாதி ஆங்கிலச் சொல் தேய்ந்து தமிழானது, மீதி தூய தமிழ், இரண்டுக்கும் நடுவே எந்த மொழியென்றே சொல்லமுடியாதவை சில. இந்தச் சொற்களைத் தொகுத்து ஆய்வேடாக அளிக்க மாணவர் விரும்பினார். நாமும் ஒப்பமிட்டு அனுப்பினோம். தலைப்பைப் பரிசீலித்த குழு, இது இலக்கிய ஆய்வாகாது என்று திருப்பிவிட்டது. வேறொரு தலைப்பு பரிந்துரைக்கப்பட்டது: சங்கப் பாடல்களில் உலோகக் குறிப்புகள்.

அத்தலைப்பில் தவறொன்றும் இல்லை. ஆயினும் அத்தலைப்பில் எழுதப்பட்ட ஏடுகள் நூலகத்தில் வரிசையாக இருக்கின்றன. பாட்டில் வரும் துருத்தியைப் பற்றி முந்நூறு பக்கம் எழுதலாம்; பக்கத்துத் தெருவில் துருத்திக்குப் பதிலாகச் சுழலும் காற்றாடியைப் பற்றி மூன்று பக்கம் எழுதக்கூடாது என்பது என்ன நெறி? தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகள் திருமேனிகளைக் குறிக்கும்போது கனமாக வார்த்ததா, பொள்ளலாக வார்த்ததா என்று பிரித்தே சொல்கின்றன. கல்லில் எழுதியவனுக்குப் பட்டறைச் சொல் இழிவாகத் தோன்றவில்லை. அந்தச் சொல்லை நாம் இன்று கல்வெட்டில் படித்தால் ஆய்வு என்கிறோம். பவுண்டரியில் கேட்டால் கொச்சை என்கிறோம். இன்னும் ஆயிரம் ஆண்டு கழித்து எவரேனும் அந்த நோட்டைத் தோண்டி எடுத்தால் அப்போது அது ஆய்வுக்குரியதாகிவிடும் போலும்.

நம் மாணவர் பரிந்துரைத்த தலைப்பிலேயே எழுதிப் பட்டம் பெற்றார். நன்றாகவே எழுதினார். நோட்டு அவரிடம் இருக்கிறது. தற்போது ஒரு தனியார் பள்ளியில் தமிழாசிரியர். ஞாயிற்றுக்கிழமைகளில் உலை மூட்டுவதாகக் கேள்வி.

சென்ற தையில் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது அவருடைய தந்தையிடம் ஒன்று கேட்டோம். தெர்மாகோல் போய் அலுமினியம் வரும் அந்த நொடியில் மணலின் மேற்பரப்பில் புகை கசிந்து, மணல் இலேசாக எழுந்து அடங்குகிறதே, அதற்கு என்ன பெயர்? அவர் வேலை செய்யும் இடத்தில் தெர்மாகோல் வார்ப்பு இல்லை. மகன் செய்வதைப் பார்த்ததுதான். சற்று யோசித்தார். "பேரெல்லாம் இல்லீங்க வாத்தியாரய்யா. மணலு மூச்சு உடுதும்போம். மூச்சு நின்னுபோச்சுன்னா ஊத்தறத நிறுத்தீரப்படாது, கொஞ்சம் சேத்தி ஊத்தோணும்" என்றார். மகன் உள்ளே போய் நோட்டை எடுத்துவந்து எழுதிக்கொண்டார்.